சைபர்

விருதம்பட்டுப் பக்கம், பாலத்தின் ஏழாவது தூணில்
ஒரு சாம்பல் நிறப் பெட்டி.
உள்ளே உள்ளங்கை அளவு கணினி,
கீழ்நோக்கி ஒரு கண்.
பாலாற்றில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்வது அதன் உத்தியோகம்.
மூன்று வருடமாகச் சொன்னது சைபர்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சைபர்.
அதைச் சொல்ல ஒரு சோலார் தகடு, ஒரு சிம் கார்டு,
மாதம் நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.

அந்தக் கண் பேசுவதைக் கர்னலுக்குப் புரியவைக்கும்
மாட்யூலை எழுதியவன் நான்.
நானூறு வரி. கர்னலோடு பிறக்காமல்
வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்கிற ரகம்.
அதனால் அதற்குக் கிடைத்த அறையின் பெயர் எக்ஸ்ட்ரா.
பந்தியில் இரண்டாவது அப்பளம் கேட்கிறவனுக்குத்
தெரியும் அந்தச் சொல்லின் கனம்.

புரட்டாசியில் கர்னலைப் புதுப்பித்தோம்.
எங்கோ யாரோ, நல்ல காரணத்தோடுதான்,
வெளி மாட்யூல்கள் இனி அப்டேட்ஸ் அறைக்கு என்று
பில்டு விதியில் ஒரு சொல்லை மாற்றியிருந்தார்கள்.
பழைய அறையை இடிக்கவில்லை. கட்டவே இல்லை.
பில்டு ஓடி முடிந்தது,
பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை,
மாட்யூல் புது அறையில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.
என் ஸ்கிரிப்ட் மட்டும்
எக்ஸ்ட்ராவைத் தேடிக்கொண்டு போனது.

வாலாஜாவில் நான் பிறந்த வீடு வட ஆற்காடு மாவட்டம்.
ஒன்றாம் வகுப்பில் அதே வீடு
வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்.
கல்லூரி விண்ணப்பத்தில் வேலூர்.
பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது ராணிப்பேட்டை.
சுவர் ஓர் அங்குலம் நகரவில்லை,
எந்தக் கடிதமும் திரும்பிப் போகவில்லை.
தபால்காரர் உறைமேல் முறைத்துப் பார்த்துவிட்டு
சைக்கிளை எங்கள் வாசலுக்குத்தான் திருப்புவார்.
ஸ்கிரிப்ட்டுக்கு அந்தப் புத்தி கிடையாது.
எழுதின இடத்தில் போய் நிற்கும்.
இடம் இல்லாவிட்டால்?

அதையும் நானே எழுதி வைத்திருந்தேன்,
ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பிரியாணி தீர்வதற்குள்
ஓடவேண்டிய அவசரத்தில்:
படிக்க முடியாவிட்டால் சைபர் போடு.
ஆறு எப்படியும் சைபர்தானே.

நாற்பத்தோரு நாள்
வரைபடம் நேர்கோடாகக் கிடந்தது.
நேர்கோட்டை யார் சந்தேகிப்பார்கள்?

ஐப்பசிக் கடைசியில் மோர்தானா அணை வழிந்தது.
கவுண்டன்யா குடியாத்தத்தைத் தாண்டிப் பாலாற்றில் விழுந்தது.
இரவு பதினொன்றே காலுக்கு
பொதுப்பணித்துறை முனிரத்தினம் கூப்பிட்டார்.
"சார், உங்க பெட்டி சைபர்ன்னு சொல்து."
"சரிதானே சார்?"
"இன்னா சரி? நான் பாலத்து மேல நிக்கறேன்,
இந்தா கேளுங்க."
போனைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டினார்.

லாரி லாரியாய் ஜல்லி கொட்டுகிற மாதிரி,
ஆனால் கொட்டி முடிக்காமல்.

ரெஹானா இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்தாள்.
"எக்ஸ்ட்ராவே இல்லையே இதுல?"
ஐந்தெழுத்தை அழித்து ஏழெழுத்து அடித்தேன்.
பெட்டி கண் திறந்தது: இரண்டு மீட்டர் எண்பத்து நான்கு.
ஆவணப்படி பாலாறு
நள்ளிரவு பன்னிரண்டு இருபத்தாறுக்கு
சுவர் மாதிரி எழுந்து நின்றது.
எந்த ஆறும் அப்படி வந்ததில்லை.
திருத்தவும் வழியில்லை. அந்த நாற்பத்தோரு நாளில்
எது மணல், எது என் பிரியாணி என்று
பிரிக்க எனக்கே தெரியாது.

விடிந்ததும் பாலம் முழுக்க ஜனம்.
தோளில் பிள்ளைகள், செல்போன்கள்,
யாரோ மஞ்சளும் பூவும் வீசினார்கள்.
ஏழாவது தூணை ஒருவரும் பார்க்கவில்லை.

அந்த வரியை மாற்றிவிட்டேன்.
படிக்க முடியாவிட்டால் இனி
தெரியவில்லை என்று சொல்லும்.

பங்குனியில் மறுபடி முனிரத்தினம்.
"சார், சைபர் வருது."
"ஆமா சார்."
"நெஜ சைபரா?"
திரையைப் பார்த்தேன். மாட்யூல் ஓடுகிறது,
அறை சரி, பாதை சரி.
இருந்தாலும்,
"ஒரு தடவை எட்டிப் பாத்துச் சொல்றீங்களா?" என்றேன்.
அவர் நடக்கிற சத்தம் கேட்டது.